மோட்டார் படகுக்குப் பின்னால் கயாக்கைக் கட்டி இழுப்பது எப்படி? நாகமரை, ஒட்டனூர் பக்கத்துக்கான முழுமையான வழிகாட்டி

மேட்டூர் அணையின் தேக்க நீர் பென்னாகரம் வட்டத்துக்குள் நீண்டு கிடக்கிற பகுதி, கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகு) ஓட்டுகிறவர்களுக்குக் கிடைத்த வரம். நாகமரை, ஒட்டனூர், ஏரியூர் பக்கம் கரையில் நின்று பார்த்தாலே துடுப்பை எடுக்கத் தோன்றும். ஆனால் நீர்ப்பரப்பு பெரியது. கிளம்பும்போது காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். குழந்தைகளோடு போனவர்கள், முதல் தடவை துடுப்புப் பிடித்தவர்கள் எல்லாம் பாதி வழியில் தோள் விட்டுப்போய் நிற்பார்கள். அப்போது கூட வந்த மோட்டார் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, காலியான கயாக்கைப் பின்னால் கட்டி இழுத்து வர வேண்டியிருக்கும்.

பார்க்க எளிதாகத் தெரியும் இந்த வேலையில்தான் கயாக் கவிழ்கிறது, கைப்பிடி பிய்கிறது, கயிறு மோட்டாரில் சுற்றிக்கொள்கிறது. எல்லாமே தவிர்க்கக்கூடியவை. மூன்று விஷயங்களில் பிடிவாதமாக இருந்தால் போதும்: இழுப்பு கயாக்கின் முன்முனைக்குக் கீழே இருந்து வர வேண்டும், கயிறு தண்ணீரில் மிதக்க வேண்டும், அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இழுக்கத்தான் வேண்டுமா?

முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண கயாக் ஒன்று 20 முதல் 30 கிலோ எடை இருக்கும். ரெண்டு பேர் தூக்கினால் வந்துவிடும். படகில் குறுக்கே வைக்காமல் நீளவாக்கில் வைத்துக் கட்ட இடம் இருந்தால், ஏற்றிக்கொண்டு போவதே நல்லது. இருக்கிற ஆட்களோடு அதையும் ஏற்றினால் படகு நிலை தடுமாறும் என்றால் மட்டும் இழுங்கள். காற்றடைத்த கயாக்கை இழுக்கவே வேண்டாம். அது இறகு மாதிரி லேசு, ஒரு காற்று வீசினால் குப்புற விழுந்துவிடும். காற்றைப் பிடுங்கிச் சுருட்டிப் படகில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாளும் நேரமும்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று இந்தப் பரப்பில் நல்ல அலையைக் கிளப்பும். காலையில் கண்ணாடியாக இருந்த தண்ணீர் மதியத்துக்குள் மாறிவிடும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் வருகிற சுழற்காற்று இன்னும் மோசம், மாலை நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வரும்.

இங்கே மீன் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலம் வலை விட்டு விடிகாலையில் எடுப்பார்கள். அதனால் வலை எடுத்து முடித்த பிறகு, காற்று ஏறுவதற்கு முன்னால் இருக்கிற காலை நேரம்தான் இழுப்பதற்கு ஏற்றது. கிளம்புவதற்கு முன் துறையில் நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "அண்ணா, இந்நேரம் வலை எந்தப் பக்கம் கெடக்குது?" அவர் கைகாட்டுகிற திசை எந்த வரைபடத்திலும் இருக்காது.

நீர்மட்டத்தையும் அன்றைக்கே பாருங்கள். அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி. மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் எதிர்க்கரையில் பண்ணவாடிப் பக்கம், 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அவை முழுதாக வெளியே தெரிகிற நாளில் ஆபத்து குறைவு, பார்த்து விலகிப் போய்விடலாம். தண்ணீருக்கு ஒரு முழம் கீழே இருக்கிற நாளில்தான் மோட்டாருக்கும் கயாக்கின் அடிப்பகுதிக்கும் அடி விழும். பழைய சுவர், மரக்கட்டை, பாறை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அனுமதி விஷயம்: நீர்த்தேக்கம் நீர்வளத்துறையின் கையில் இருக்கிறது, மீன்பிடிப்பு மீன்வளத்துறையின் கையில். சொந்தப் படகை இறக்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். மோட்டார் பொருத்திய உள்நாட்டுப் படகுகளுக்குப் பதிவும் தகுதி ஆய்வும் வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒகேனக்கல்லில் அருவியை ஒட்டிய பகுதியில் இந்த வேலையே கூடாது. அங்கே பாறைக்கும் நீரோட்டத்துக்கும் நடுவில் இழுக்கிற கயிறு உயிரை எடுத்துவிடும். நீர்வரத்து கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டால், கீழே தேக்கத்திலும் அன்றைக்கு வெள்ளமும் மிதந்து வரும் மரங்களும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கயிறு

தடிமன் 8 மில்லிமீட்டர், நீளம் 20 மீட்டர். 6 மில்லிமீட்டரும் பாரம் தாங்கும், ஆனால் ஈரக் கையில் இழுக்கும்போது உள்ளங்கையை அறுக்கும்.

நைலான் கயிறு தண்ணீரில் மூழ்கும். பாலிபுரோப்பிலீன் கயிறு மிதக்கும். நமக்கு மிதப்பதுதான் வேண்டும், ஏனென்றால் கயிறு தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கினால் நேராக மோட்டார் விசிறிக்குத்தான் போகும். தர்மபுரியிலோ பென்னாகரத்திலோ போர்வெல் மோட்டார் இறக்குகிற கயிறு விற்கிற கடையில் ரெண்டும் கிடைக்கும், பார்வைக்கும் ஒன்று போலவே இருக்கும். கடைக்காரர் எல்லாவற்றையும் நைலான் கயிறு என்றே சொல்வார். அதனால் ஒரு சாண் துண்டு வெட்டித் தரச் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டு அழுத்தி விடுங்கள். உடனே மேலே வந்து படுத்தால் வாங்கலாம். மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தால் அது நைலான். போர்வெல்லுக்கு நல்லது, நமக்கு ஆகாது.

மிதக்கும் கயிற்றில் ஒரு குறை உண்டு. அது வழுக்கும், முடிச்சு தானாக நெகிழும். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சாண் வால் விட்டு, அந்த வாலை மறுபடி ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

இழுப்பு எங்கே பிடிக்க வேண்டும்

மொத்த வழிகாட்டியில் இதுதான் முக்கியமான பகுதி.

கயாக்கின் முன்முனையில் இருக்கிற கைப்பிடி, ஆள் தூக்கிச் சுமப்பதற்காக வைத்தது. அதில் கயிற்றைக் கட்டி இழுத்தால் ரெண்டு தொல்லை. ஒன்று, அலையில் ஒரு வெட்டு வெட்டினால் அதன் திருகாணி பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டாவது, இழுப்பு மேலே இருந்து வருவதால் முனை தண்ணீருக்குள் குனியப் பார்க்கும். குனிந்த முனை பக்கவாட்டில் திரும்பும், திரும்பியதும் தண்ணீர் பக்கச்சுவரில் மோதும், அடுத்த நொடி கவிழும்.

இழுப்பு முனைக்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்கு அருகில் இருந்து வந்தால் முனை தானாகத் தூக்கிக்கொள்ளும். இதற்கு ஒரு 'வயிற்றுக் கயிறு' தேவை. உட்காரும் குழி உள்ள கயாக் என்றால் இப்படிச் செய்யுங்கள். சுமார் 6 மீட்டர் கயிற்றை எடுத்து, அதன் நடுப்பகுதியை உட்காரும் குழியின் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கமாகப் போடுங்கள். ரெண்டு முனைகளையும் இடமும் வலமுமாக முன்னால் கொண்டு வாருங்கள். முன்முனைக்கு ரெண்டு சாண் முன்னதாகவே அவற்றை அடிப்பக்கமாகச் சரித்து, அடிப்பக்கத்தின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே ஒன்றாகச் சேர்த்து ஒரு கண்ணி முடியுங்கள். அந்தக் கண்ணியில்தான் இழுக்கிற கயிறு மாட்டப்படும். கண்ணி பக்கவாட்டில் நழுவாமலும் கீழே தொங்காமலும் இருக்க, அதிலிருந்து முன்கைப்பிடிக்கு ஒரு சின்னக் கயிறு கட்டுங்கள். அது பாரம் தாங்காது, கண்ணியை இடத்தில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

சிலர் முன்பக்கத்தைச் சுற்றி அரைஞாண் மாதிரி ஒரு சுற்றுக் கட்டிவிட்டுப் போதும் என்பார்கள். போதாது. கயாக் முன்னால் போகப் போக ஒடுங்குகிறது, இழுக்க இழுக்க அந்தக் கட்டு வழுக்கி முனைக்கு வந்து கழன்றுவிடும். கட்டு பின்னால் ஏதோ ஒன்றில் தடுக்கி நிற்க வேண்டும். குழி இல்லாமல் மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் அந்தத் தடுப்பு, பக்கவாட்டில் நடுப்பகுதியில் இருக்கிற ரெண்டு சுமக்கும் கைப்பிடிகள். கயிற்றின் ரெண்டு கைகளையும் அவற்றில் கட்டி, முன்போலவே முனைக்குக் கீழே சேருங்கள். கைப்பிடி வெறும் திருகாணியில் நிற்கிறதா, போல்ட் நட்டில் நிற்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்ததும் கரையோரம் முட்டி அளவு தண்ணீரில் நின்று கையால் இழுத்துப் பாருங்கள். முனை நிமிர்ந்து, நேராக உங்களை நோக்கி வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் வயிற்றுக் கயிற்றின் ஒரு கை நீளமாக இருக்கிறது. இதைக் கரையிலேயே சரி செய்துவிட வேண்டும், நடு ஆற்றில் முடியாது.

படகுப் பக்கம்

கயிற்றை மோட்டாரில் கட்டக் கூடாது, ஆள் உடம்பிலும் கட்டக் கூடாது. நம் பக்கத்து ஃபைபர் படகுகளில் பின்புறம் ரெண்டு ஓரத்திலும் வளையமோ, அழுத்தமான பலகையோ இருக்கும். ரெண்டிலும் ஒரு கயிற்றைக் கட்டி நடுவில் கண்ணி விட்டால், இழுப்பு எப்போதும் நடுவில் நிற்கும், படகும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகாது. இந்தக் கயிறு மோட்டாருக்கு மேலாகவும் பின்னாலும் விலகி இருக்கிறதா என்று மோட்டாரை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

இழுக்கிற கயிறு இந்தக் கண்ணியில், வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சில் நிற்க வேண்டும். பாரம் ஏறிய பிறகு அவிழ்க்க முடியாத முடிச்சு எதுவும் படகில் இருக்கக் கூடாது. அப்படியும் சிக்கினால் வெட்டுவதற்கு, கயிறு பார்க்கிற ஆளின் கைக்கு எட்டுகிற இடத்தில் உறையோடு ஒரு கத்தி. பைக்குள் இருக்கிற கத்தி உதவாது.

கயாக்கைத் தயார் செய்வது

உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துடுப்பு, தண்ணீர் பாட்டில், செருப்பு எல்லாம் படகுக்குள். குழிக்கு மூடி இருந்தால் மாட்டுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் நூறு லிட்டருக்கு நூறு கிலோ, அதுவும் உள்ளே முன்னும் பின்னும் அலைகிற நூறு கிலோ. மேலே உட்காரும் வகையில் அடியில் இருக்கிற ஓட்டைகளுக்கு அடைப்பான் இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

பின்பக்கப் பெட்டியில் 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நகராமல் கட்டி வையுங்கள். பின்பக்கம் கொஞ்சம் கனத்தால் முனை நிமிர்ந்து நேராக வரும். கயாக் நேராகப் போக அடியில் இறக்குகிற தகடு இருந்தால் முழுக்க இறக்கி விடுங்கள். திரும்புகிற சுக்கான் இருந்தால் அதை மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள், தளர்வாக விட்டால் அதுவே கயாக்கை வண்டிக்குப் பின்னால் கட்டிய கன்று போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கும். ரெண்டும் இல்லாத கயாக்கா? பின்கைப்பிடியில் ஒரு தடித்த கயிற்றை 2 மீட்டர் நீளத்துக்கு, நாலைந்து முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் விடுங்கள். அந்தச் சின்ன இழுவையே வாலாட்டத்தை நிறுத்திவிடும்.

ஒரு சிவப்புத் துணியை மேலே கட்டுங்கள். எதிரே வரும் பரிசல்காரருக்குப் படகு தெரியும், கயாக்கும் தெரியும். நடுவில் தண்ணீர் மட்டத்தில் இருக்கிற கயிறுதான் தெரியாது.

கிளம்புவதும் வேகமும்

எல்லோரும் மிதவைச் சட்டை போட்ட பிறகு மோட்டாரைக் கிளப்புங்கள். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கட்டும். கயிறு பார்க்கிறவர் பின்னால் பார்த்து உட்காரட்டும், பேச்சு, போன் எதுவும் வேண்டாம். கயிறு முழுதும் ஒரு பக்கெட்டில் சுருண்டு இருக்க, படகு மெதுவாக முன்னால் நகரும்போது கை கையாக விட வேண்டும். கயிறு தண்ணீரில் இருக்கும்போது பின் கியர் போடவே கூடாது. இதை மட்டும் படகோட்டியிடம் ரெண்டு தடவை சொல்லுங்கள்.

அமைதியான தண்ணீரில் 10 முதல் 12 மீட்டர் போதும். அலை இருந்தால் 15. அந்த நீளத்துக்கு வந்த பிறகு ஒரு கை விட்டும் ஒரு கை இழுத்தும் பாருங்கள். படகு விட்டுச்செல்கிற அலையின் ஏறுமுகத்தில் கயாக்கின் முனை இருந்தால் கயிறு விறைத்துக் கனக்கும். இறங்குமுகத்தில் அதிகம் போய்விட்டால் கயிறு தொய்ந்து கயாக் அலையும். நடுவில் ஓர் இடத்தில் கயிறு லேசாகவும் தொய்யாமலும் நிற்கும், கைக்கே தெரியும். அங்கே முடிச்சுப் போடுங்கள். வேகம் மாறினால் அலையின் இடைவெளியும் மாறும். மணிக்கு 6 கிலோமீட்டரில் ரெண்டு முகடுகளுக்கு இடையே 2 மீட்டருக்கும் குறைவு, 8 கிலோமீட்டரில் சுமார் 3 மீட்டர். அதனால் வேகத்தை மாற்றினால் கயிற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

வேகம் மணிக்கு 5 கிலோமீட்டரில் தொடங்கி, எல்லாம் ஒழுங்காக வந்தால் 7 வரை போகலாம். போனில் ஜிபிஎஸ் காட்டும். எட்டுக்கு மேல் ஏன் கூடாது என்றால், நீரைப் பிளந்துகொண்டு போகும் எந்தக் கலத்துக்கும் அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. மூன்றரை மீட்டர் கயாக்குக்கு அது சுமார் 8 கிலோமீட்டர். அதைத் தாண்டி இழுத்தால் கயாக் தன் முன்னால் தானே எழுப்புகிற அலை மேல் ஏற முயன்று, பின்பக்கம் அமிழ்ந்து, பாரம் திடீரென்று கூடும். "சீக்கிரம் போயிடலாம்ணா" என்று ஓட்டுகிறவர் கையை முறுக்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

கயாக் பக்கத்துக்குப் பக்கம் ஆடத் தொடங்கினால் வேகத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. அப்புறம் கயிற்று நீளம், அப்புறம் பின்பக்கக் கனம், இந்த வரிசையில் பாருங்கள்.

திருப்பமும் நிறுத்தமும்

திரும்பும்போது கயாக் உள்பக்கமாகக் குறுக்கு வழியில் வரும், கயிறு தொய்யும். அதனால் நன்றாக வட்டமடித்து, மெதுவாகத் திரும்புங்கள். நாகமரைக்கும் பண்ணவாடிக்கும், ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் நடுவே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகிற விசைப்படகுகளுக்கு வழி விடுங்கள். அவை கிளப்புகிற அலை வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். தெர்மோகோல் துண்டோ பிளாஸ்டிக் பாட்டிலோ வரிசையாக மிதந்தால் அது வலை. மேலே ஓட்டாதீர்கள், சுற்றிப் போங்கள். ஒருவருடைய ஒருநாள் கூலி அந்த வலையில் இருக்கிறது.

கயாக் கவிழ்ந்துவிட்டால் இழுத்துக்கொண்டே போக வேண்டாம். நியூட்ரல் போட்டு, கயிற்றைக் கையால் சுருட்டி, பக்கத்தில் கொண்டு வந்து நிமிர்த்தித் தண்ணீரை இறைத்துவிட்டுக் கிளம்புங்கள். கயிறு அறுந்து கயாக் மிதந்து போனாலும் படகில் போய்த்தான் பிடிக்க வேண்டும், நீந்திப் போகக் கூடாது. காவிரியின் இந்தப் பகுதியில் முதலை உண்டு.

நிறுத்தும்போது சட்டென்று மோட்டாரை அணைத்தால், வந்த வேகத்தில் கயாக் படகின் பின்புறத்தில் இடிக்கும். வேகத்தை மெல்லக் குறைக்கக் குறைக்கக் கயிற்றைப் பக்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டே வாருங்கள். கரைக்கு நூறு மீட்டர் முன்பே கயாக்கைப் பக்கவாட்டில் கொண்டு வந்து முன்னும் பின்னும் கட்டிவிட்டால், துறையில் நெரிசல் இருந்தாலும் கவலை இல்லை.

ரெண்டு கயாக், பரிசல், பாய்மரம்

ரெண்டு கயாக் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி வயிற்றுக் கயிறு, தனி இழுகயிறு. ஒன்றுக்கு 8 மீட்டர் விட்டால் மற்றதற்கு 15 விடுங்கள், ஒன்றோடு ஒன்று இடிக்காது. முதல் கயாக்கின் பின்கைப்பிடியில் ரெண்டாவதைக் கட்டுவது கூடாது. சின்ன மோட்டார் படகுக்கு ரெண்டுக்கு மேல் வேண்டாம்.

ஆள் உட்கார்ந்திருக்கும் கயாக்கை இழுப்பது கடைசி வழி. அவர் படகுக்கு ஏற முடியாத நிலையில் மட்டும், நடக்கிற வேகத்தில், பக்கத்துக் கரை வரைக்கும். அவர் கைக்கு எட்டும் இடத்தில் அவிழ்க்கிற முடிச்சு இருக்க வேண்டும்.

பரிசலை இப்படி இழுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வட்டமான அடிக்கு நேராகப் போகிற குணம் கிடையாது. பின்னால் கட்டினால் சுழலும், வேகம் கூடினால் முன்விளிம்பு அமிழ்ந்து தண்ணீர் மொள்ளும். காலிப் பரிசலைப் படகில் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் படகின் பக்கவாட்டில் ரெண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, மெதுவாகக் கொண்டு போங்கள்.

நம் தண்ணீரில் பாய்மரப் படகு கிடையாது. கடல் பக்கம் போய்ப் பாய்மரப் படகில் இழுக்க நேர்ந்தால், மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். கூடுதலாக ஒன்று: பின்காற்றில் போகும்போது அலை கயாக்கைத் தள்ளிக்கொண்டு வந்து படகில் மோத வைக்கும். அப்போது கயிற்றை இன்னும் நீளமாக விட்டு, பின்னால் முடிச்சுக் கயிற்று வாலையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பாய் மாற்றித் திரும்பும்போது கயிற்றுத் தொய்வை ஒருவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கரை ஏறிய பிறகு

குழி விளிம்பிலும் கைப்பிடிகளிலும் புது வெடிப்பு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கயிற்றைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திச் சுருட்டுங்கள். மிதக்கும் கயிற்றுக்கு வெயில்தான் எதிரி. நிறம் வெளுத்து, கையில் தேய்த்தால் முள் முள்ளாகக் குத்தி, தூள் உதிர ஆரம்பித்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. துணி உலர்த்தக் கொடியாகக் கட்டிக்கொள்ளலாம், இழுக்க எடுக்காதீர்கள்.